காவடிப் பாட்டும் கச்சேரி மேடையும்

தைப்பூசத்திற்கு முந்திய மாலை, மூவார் வட்டாரத் தோட்டமொன்றில், பால்மரக் காட்டிலேயே வாழ்நாளைக் கழித்த பெரியவர் ஒருவர் காவடிச் சிந்து பாடக் கேட்டோம். நாம் அருகில் சென்றதும், "இது சங்கீதம் இல்லீங்க ஐயா, சும்மா எங்க பாட்டு" என்று கூச்சத்துடன் நிறுத்திக்கொண்டார். அக்கூச்சம் வேண்டுவதில்லை என்பதைக் கூறவே இதனை எழுதலானோம்.

காவடி சுமந்து நெடுவழி நடப்போர் களைப்புத் தோன்றாதிருக்கப் பாடிய வழிநடைப் பாட்டே காவடிச் சிந்து. நெல்லைச் சீமையின் சென்னிகுளத்தில் 1865இல் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் அம்மெட்டுகளைத் தம் கவிதைக்கு எடுத்துக்கொண்டார். ஊற்றுமலை ஜமீன்தார் அவரை ஆதரித்தார். கழுகுமலை முருகன்மீது அவர் பாடிய சிந்துகள் "தகிட தகிட" என்னும் நடையில், நடப்போரின் காலடிக்கு இசைந்து செல்வன. முப்பது வயதை எட்டுமுன்னரே, 1891இல், அவர் மறைந்தார். ஆயினும் வித்துவான்கள் இன்றும் கச்சேரியின் பிற்பகுதியில் அவற்றை விரும்பிப் பாடுகின்றனர்.

அச்சிந்துகள் பலவும் செஞ்சுருட்டி இராகத்தில் பாடப்படுகின்றன. செஞ்சுருட்டி, புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி ஆகிய இராகங்களில் ஓர் ஒற்றுமை உண்டு. இவை மேல் ஸட்ஜத்தை எட்டுவதில்லை. மத்திய ஸ்தாயியின் நிஷாதத்தைத் தாண்டாமலேயே ஏறி இறங்கும். பயிற்சியற்ற குரலும் வருந்தாமல் பாடக்கூடிய எல்லை அது. நாட்டுப்புற மெட்டுகளோடு இவற்றுக்குள்ள உறவை இதனாலேயே உணரலாம். வித்துவான் கமகம் சேர்க்கிறார், விரிவாக ஆலாபனை செய்கிறார். அந்த எல்லையை மட்டும் மீறுவதில்லை.

பண்ணையாளாகிய நந்தனாரின் கதையைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் கீர்த்தனைகளுக்கிடையே சிந்து மெட்டுகளைச் சேர்த்துக்கொண்டார். மூவாரில் பேர்பெற்ற கசல் இசையும் இத்தகையதே: இந்திய ஆர்மோனியமும் தபேலாவும், அராபிய வழிவந்த காம்புசும் ஒலிக்க, மலாய் மக்களின் பந்துன் அதிலே பாடப்பெறுகின்றது.

அங்கேரி நாட்டு இசைமேதை பேலா பார்டோக் 1904இல் ஒரு பணிப்பெண் பாடியதைக் கேட்டு வியந்தார். பின்னர் தம் நண்பர் கோடாயுடன் சேர்ந்து நாட்டுப் பாடல்களைத் திரட்டலானார். கிராமத்து முதியோர் பாடியதை மெழுகு உருளைகளில் பதிவு செய்தனர். 1906இல் இருவரும் இருபது பாடல்களை நூலாக வெளியிட்டனர்.

நமக்கு மெழுகு உருளை தேவையில்லை, கைப்பேசியே போதும். வீட்டுப் பெரியவர்கள் பாடும் தாலாட்டு, கும்மி, காவடிச் சிந்து எதுவாயினும் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், எவ்வேளையில் பாடுவது, முன்னோர் எந்த ஊரிலிருந்து கொணர்ந்தனர் என்பனவற்றையும் கேட்டு எழுதிவையுங்கள். முதலில் கூறிய பெரியவர், பேரன் தாளம் தட்ட, மறுநாள் காலையில் நான்கு சிந்துகளை நமக்கு முழுமையாகவே பாடிக் காட்டினார்.