துருவ ஒளி

வடதுருவத்தை அடுத்த நாடுகளில், தெளிந்த இரவுகளில், பச்சைப் பட்டுத் திரையொன்று வானில் விரிந்து அசைவது போன்ற காட்சி தோன்றும். இதனைத் துருவ ஒளி என்கிறோம். பெயர் நிலைத்துவிட்டதெனினும் முழுப் பொருத்தமுடையதன்று. பெயரை நம்பித் துருவத்திற்கே செல்பவர் ஏமாறவும் கூடும். ஏனெனில் இவ்வொளி மிகுவது புவியின் காந்த முனையைச் சுற்றி வளையமாக அமைந்த பகுதியிலேயாம். நார்வேயின் டிரோம்சோ, சுவீடனின் கிருனா, அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் ஆகிய ஊர்கள் அவ்வளையத்தை ஒட்டியுள்ளன. கோடையில் அங்கு வானம் இருள்வதில்லை. ஆகவே செப்டம்பர் முதல் மார்ச் வரையே காண்பதற்கு ஏற்ற காலம். தென்பாதியிலும் இவ்வளையம் உண்டு. அது பெரும்பாலும் அண்டார்க்டிகாவின் மீதும் கடலின் மீதும் அமைவதால் காண்போர் குறைவு.

இதன் காரணத்தைத் தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் நார்வே அறிஞர் கிறிஸ்தியான் பிர்க்லாந்து. காற்று நீக்கிய கண்ணாடிப் பேழையில் காந்த உருண்டையொன்றை வைத்து, அதன்மீது எலெக்ட்ரான் கதிர்களைப் பாய்ச்சினார். உருண்டையின் இரு முனைகளைச் சுற்றியும் ஒளி வளையங்கள் எழுந்தன! 1899-1900 குளிர்காலத்தில் வடநார்வேயின் ஹால்தே மலையுச்சியில் பனிப்புயல்களுக்கிடையே அளவீடுகள் எடுத்தார். காந்த விசைக்கோடுகள் வழியே மின்னோட்டம் வானிலிருந்து இறங்குகிறது என்ற அவர் கருத்தை அறிஞர் பலர் ஏற்கவில்லை. 1917இல் அவர் மறைந்தார். அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே செயற்கைக்கோள்கள் அம்மின்னோட்டத்தை அளந்து காட்டின; இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஆயினும், கதிரவனின் துகள்கள் நேரே நம் வளிமண்டலத்தில் வந்து விழுகின்றன என்று அவர் எண்ணியது சரியன்று. நொடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சூரியக் காற்று, புவியின் காந்தப்புலத்தை இரவுப் பக்கமாக நீண்ட வால்போல் இழுத்துச் செல்கிறது. அவ்வாலில் தேங்கிய ஆற்றல் விடுபடும்போதுதான் எலெக்ட்ரான்கள் முடுக்கம் பெற்றுப் புவியை நோக்கிப் பாய்கின்றன.

நிறத்தைத் தருவதோ நம் காற்று. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே, எலெக்ட்ரானால் தாக்குண்ட ஆக்சிஜன் அணு ஒரு நொடிக்குள் பச்சை ஒளியை உமிழ்கிறது. அதே அணு செந்நிறம் உமிழ ஏறத்தாழ இரண்டு நிமிடம் வேண்டும். அதற்குள் வேறு அணுவோடு மோதினால் ஒளி பிறவாது. ஆகவே காற்று மிக அருகிய 200 கிலோமீட்டருக்கு மேலேதான் செம்மை தோன்றுகிறது. திரையின் அடியோரத்தில் தெரியும் ஊதா நைட்ரஜனின் கொடை.

2024 மே மாதத்துக் கடுங்காந்தப் புயலின்போது, லடாக்கின் ஹான்லேயிலுள்ள வானாய்வுக்கூடத்துக் கருவிகள் வடக்கு அடிவானத்தில் செவ்வொளியைப் பதிவு செய்தன. பச்சை அங்குத் தெரியவில்லை. புவி உருண்டையாதலால் தாழ்வான பச்சை அடிவானத்திற்குக் கீழே மறைந்துவிட, மிக உயரத்தில் எழும் செம்மை மட்டுமே அத்தனை தெற்கிலிருந்தும் கண்ணுக்கெட்டும்.