புலப்படத்தில் எக்கோடு எதைச் சார்ந்தது?

எல்லைத் தகராறு வரப்பில் தோன்றினும், அது தீர்வது பெரும்பாலும் புலப்படத்திலேயாகும். திண்டுக்கல்லைச் சூழ்ந்த ஆத்தூர், வேடசந்தூர், நிலக்கோட்டைப் பகுதிகளில் புஞ்சை நிலங்கள் பெரிதும் கிணற்றை நம்பியவை. சகோதரர்களுக்குள் பாகம் பிரியுந்தோறும் நிலம் பட்டை பட்டையாக நீள, கிணறும் வண்டிப்பாதையும் பொதுவில் நின்றுவிடுகின்றன. அங்கே 1 மீட்டர் அகலமுள்ள துண்டு யாருடையது என்பது, தண்ணீர்க் குழாய் எவ்வழியே போகலாம் என்பதையும் தீர்மானித்துவிடும். ஆயினும் நிலச்சுவான்தார்களிற் பலர் புலப்படத்தைக் கையிலெடுத்தால் வெளிக்கோட்டை மட்டுமே பார்த்து மடித்து வைத்துவிடுகின்றனர்.

வெளிக்கோடு படத்தின் முடிவேயன்றி, அதன் தொடக்கமன்று. நில அளவர் முதலில் இரு கற்களுக்கிடையே ஒரு நேர்கோட்டை அளக்கிறார். நிலத்தின் உள்ளே செல்லும் இவ்வடிக்கோட்டைச் சர்வே இலாகாவினர் ‘ஜி-லைன்’ என்பர். அக்கோட்டின்மீது இத்தனை மீட்டர் சென்று, அவ்விடத்தினின்று வலமாகவோ இடமாகவோ செங்குத்தாக இத்தனை மீட்டர் போனால் இன்ன முனை என்று ஒவ்வொன்றும் குறிக்கப்படும். இவ்வளவுகளின் வரிசைக்கு ‘ஏணி’ என்று பெயர். ஆகவே வரப்பின் முனை செங்குத்து அளவையும், செங்குத்து அளவு அடிக்கோட்டையும், அடிக்கோடு இரண்டு கற்களையும் சார்ந்து நிற்கின்றன.

ஓர் உதாரணம் கொள்வோம். அ, இ என்ற இரு கற்களுக்கிடையே அடிக்கோடு 120 மீட்டர். அ-வினின்று 40-ஆவது மீட்டரில் வலமாக 30 மீட்டர் போனால் ஆ என்னும் முனை. 70-ஆவது மீட்டரில் இடமாக 45 மீட்டர் போனால் ஈ என்னும் முனை. 30-உம் 45-உம் சேர்ந்து 75; அதனை 120-ஆல் பெருக்கிப் பாதியாக்க, 4,500 சதுர மீட்டர் வரும். அஃதாவது 45 ஏர், ஏறக்குறைய 1 ஏக்கர் 11 சென்ட். இப்பொழுது 30 என்பதை ஒருவர் 36 என்று வாசித்துப் பதிந்துவிட்டதாக வைத்துக்கொள்க. படம் பார்வைக்குச் செம்மையாகவே இருக்கும். விஸ்தீரணமோ 360 சதுர மீட்டர், அதாவது சுமார் 9 சென்ட் கூடிவிடும். கூடிய அந்த 9 சென்ட் பக்கத்து நிலத்துக்காரருடையது! இப்பிழையைக் கண்டுபிடிக்க விவசாயிக்கு ஒரு டேப் போதும். அ முதல் ஆ வரையுள்ள வரப்பு 50 மீட்டர் இருத்தல் வேண்டும். 36 என்ற அளவு மெய்யாயின், அது 54 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

தமிழ்நாட்டில் புலப்படங்களைக் கணினியிலேற்றப் பயன்பட்டுவரும் நிரல், தேசியத் தகவலியல் மையம் ஆக்கிய ‘கொலாப்லேண்ட்’ என்பதாகும். அதில் அடிக்கோட்டின் நீளமும் ஏணியளவுகளும் எண்களாகவே உட்செலுத்தப்பட, படம் அவற்றினின்று வரையப்படுகிறது. எண் தவறினால் படமும் தவறும். இயந்திர உறுப்புக்களை வரையும் நிரல்களிலும் இதே ஒழுங்குண்டு. திண்டுக்கல் பூட்டை அவ்வாறு வரைவதாயின், முதலில் அடித்தகடு, தகட்டின்மேல் முளை, முளையின்மேல் லீவர்கள் என்று திரையின் ஓரத்தே ஒரு ஜாபிதா தோன்றும். தகட்டில் முளையின் இடத்தை மாற்றினால் லீவர்களும் உடன் நகரும்; முளையை நீக்கிவிட்டால் லீவர்கள் நிற்க இடமின்றிப் போம். ஆதலின் அவ்வேலையில் தேர்ந்தவர்கள் ஜாபிதாவிலுள்ள ஒவ்வோர் உறுப்புக்கும் விளங்கத்தக்க பெயரிட்டு, வேண்டாதவற்றைத் தற்காலிகமாக மறைத்து, தாய் உறுப்பைத் திருத்துமுன் அதன் பிள்ளை உறுப்புக்கள் எவையென்று பார்த்துக்கொள்வார்கள்.

புல எண்ணும் இத்தகைய ஜாபிதாவே. 45/2 என்ற உட்பிரிவு இரண்டாகப் பிரிந்தால் 45/2ஏ, 45/2பி ஆகும். 45/2ஏ மறுபடியும் பிரிந்தால் 45/2ஏ1, 45/2ஏ2 ஆகும். எண்ணைப் பின்னோக்கி வாசித்தால் நிலத்தின் வமிசாவளி தெரியவரும். பழைய கிரயப் பத்திரத்தில் 45/2 என்றிருப்பதை இன்றைய புலப்படத்தில் தேடுவது வீண். 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியிலும் பல கிராமங்களில் உட்பிரிவுகள் மாறியுள்ளன. ஆகையால் அ-பதிவேட்டைப் பார்த்துப் பழைய எண் எவ்வெண்ணாயிற்று என்பதைத் தெளிந்த பின்னரே படத்தை விரித்தல் நலம்.

படத்தை வாசிக்குங்கால், வடதிசையையும் சுற்றிலும் எழுதப்பட்ட அண்டைப் புல எண்களையும் கொண்டு நிலத்தை இனங்காண்க. பின்பு கற்கள், அடிக்கோடு, ஏணியளவுகள், உட்பிரிவுக் கோடுகள், கடைசியாகக் கிணறு, பாதை முதலியன என்ற வரிசையிற் செல்லுக. இணையவழியே பெற்ற படத்தின்மேல் அளவுகோலை வைத்து அளத்தல் கூடாது. அச்சிடும்போது படம் சுருங்கியிருக்கக்கூடும், எழுதப்பட்ட எண்ணே கணக்கு. பழைய படங்களில் எண்கள் லிங்க் கணக்கில் இருக்கும். 100 லிங்க் 66 அடி. ஏறத்தாழ 5 லிங்க் 1 மீட்டர். இதையறியாது 150 லிங்கை 150 மீட்டராகக் கொண்டு வழக்குக்குப் போவாரும் உளர்.

இவையனைத்துக்கும் வேர் கல்லே. உழவின்போது டிராக்டர் தட்டிப் பெயர்ந்த கல்லை மூன்று மீட்டர் தள்ளி நட்டுவிட்டால், அவ்விடத்து வரப்பு மட்டும் கெடுவதன்று. அக்கல்லினின்று புறப்படும் அடிக்கோடு சாய்ந்து, அதைச் சார்ந்த முனைகள் யாவும் பிசகி, அடுத்த அளவையில் கிணறே அண்டை உட்பிரிவில் விழலாம். 1923-ஆம் வருஷத்து நில அளவை எல்லைகள் சட்டப்படி, தம் நிலத்திலுள்ள அளவைக் கற்களைக் காத்துச் செப்பனிடுதல் நிலவுடைமையாளரின் கடமை; கற்கள் காணாமற்போனாலும் சேதமுற்றாலும் மேலதிகாரிக்குத் தெரிவித்தல் கிராம அதிகாரிகளின் கடமை. ஆகவே பெயர்ந்த கல்லைக் குத்துமதிப்பாகத் தாமே நட்டுவிடாமல், கிராம நிர்வாக அலுவலருக்கு அறிவித்து, நில அளவரைக்கொண்டு புலப்படத்தின் அளவுப்படியே நடச் செய்க. உழவுக்கு முன் கல்லைச் சுற்றி ஒரு முழம் உழாமல் விட்டு, அதன் தலையில் சுண்ணாம்பு பூசிவைத்தால், டிராக்டர் ஓட்டுவோருக்கு அது தூரத்திலேயே தெரியும்.