அந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது?

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்தது. தத்துவ வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகவில்லை, அதற்குள் மாமாவை மடக்கப் பார்க்கிறாய். வலியும் சுகமும் அறிகிற ஓர் உயிர்கூட உலகத்தில் இல்லை என்றால், அப்போதும் நன்மை தீமை இருக்குமா என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. அதன் கீழே நீயே எழுதிய பதிலில்தான் கோளாறு: "இருக்காது, ஆகவே அறம் என்பது அவரவர் அபிப்பிராயம்தான்." முதல் பாதி சரி. அந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது?

முதலில் அந்தச் சரியான பாதி. நம் ஊர்ப் பெயரே கருங்கல். கல்லை உளியால் கொத்துகிறவர் கல்லுக்குத் தீங்கு செய்யவில்லை. தொல்காப்பிய மரபியல் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அடுக்குகிறது. புல்லும் மரமும் முதல் படியில் நிற்கின்றன, கல்லுக்கு எந்தப் படியும் இல்லை. "அப்போ மலையை உடைப்பது தப்பில்லையா மாமா?" என்பாய். தப்புதான். ஊற்று வற்றிப்போகிற ஊருக்கும், கூடு இழக்கிற பறவைக்கும் செய்கிற தப்பு அது. நிலாவில் ஒரு பாறை பிளந்தால் யாருக்கு அநியாயம்?

உயிர் இருந்தால் மட்டும் போதாது, செய்கிறவனும் வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் சுனாமி எத்தனை பேரை அள்ளிக்கொண்டு போனது! ஆனாலும் கடலைக் குற்றவாளி என்று சொல்ல மாட்டோம். சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பிறகே அலை நம் கரைக்கு வந்தது. 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்துவிட்டது. இனி எச்சரிக்கை கைக்கு வந்தும் ஒருவர் கரைக்குச் சொல்லாமல் இருந்தால், அது பாவம்.

இப்போது உன் 'ஆகவே'க்கு வருகிறேன். தோள்சீலைக் கலகம் பற்றி நீ பள்ளியில் படித்திருப்பாய், பரீட்சையோடு மறந்திருப்பாய். நம் கல்குளம், இரணியல் பக்கத்தில்தான் நடந்தது. தோள்சீலை போட்ட நாடார் பெண்களை மேல்சாதிக்காரர்கள் சந்தையிலும் வழியிலும் மறித்து, சீலையைக் கிழித்தார்கள். 1829-இல் திருவிதாங்கூர் அரசே அறிக்கை விட்டது: குப்பாயம் என்கிற சட்டை போடலாம், தோள்சீலை கூடாது. 1859 ஜூலை 26-இல்தான் மன்னர் உத்திரம் திருநாள் தடையைத் தளர்த்தினார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றே இருந்தது.

உன் கணக்கை இதில் போட்டுப் பார். அரசும் சட்டமும் வழக்கமும் ஒரே பக்கம். அபிப்பிராயம்தான் அறம் என்றால், சீலையைக் கிழித்தவன் செய்தது ஜூலை 25 ராத்திரி வரை சரி, விடிந்ததும் தப்பு. இதை உன் பாட்டியிடம் போய்ச் சொல், பார்க்கலாம்!

"அந்தப் பெண்கள் தப்பு என்று நினைத்தார்கள், அதனால் தப்பு" என்று நழுவாதே. அவர்களில் ஒருத்தி, இதுதான் விதி என்று பழகித் தலைகுனிந்தே போயிருக்கலாம். அவளுக்குச் செய்ததும் அநியாயம்தான். அவள் என்ன நினைத்தாள் என்பது வேறு, அவளுக்கு என்ன நேர்ந்தது என்பது வேறு. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதுதான் உன் பிழை மக்கா.

கடலடிப் பாறையை நம் கரையில் 'பார்' என்பார்கள். வள்ளமே ஓடாத கடலில் அந்தப் பார் யாருக்கும் ஆபத்தில்லை. வள்ளம் வந்த பிறகோ, "இங்கே பார் கிடையாது" என்று வள்ளக்காரர் எவ்வளவு உறுதியாக நம்பினாலும் அடிப்பலகை உடையத்தான் செய்யும். ஆபத்துக்கு வள்ளம் வேண்டும். வள்ளக்காரரின் சம்மதம் வேண்டாம்.

"பாறை முன்னாலேயே இருந்ததே, அறமும் அப்படி உயிருக்கு முன்னாலேயே இருந்ததா?" என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய் என்று தெரியும். பாறை இருந்தது, ஆபத்து இருக்கவில்லை. நான் அந்த அளவுக்குத்தான் ஒப்புக்கொள்வேன்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது குளச்சலுக்குக் கூட்டிப் போகிறேன். அதற்குள் உன் கடிதத்தில் அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டு, அதற்குப் பிறகு என்ன வரும் என்று யோசித்து எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் மாமா
கருங்கல்