கெட்ட செய்தி முதலில் வரட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

சேர்ந்த முதல் வாரமே ஜிராவில் ஒரு கணக்கு திறந்து கொடுத்தார்கள், தினமும் காலையில் ஸ்டாண்டப்புக்கு வரச் சொன்னார்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட் என்றார்கள். இதெல்லாம் எதற்கு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை என எழுதியிருந்தாய். சொல்லியிருக்க மாட்டார்கள். பாதிப் பேருக்கு அவர்கள் சேர்ந்தபோதும் யாரும் சொல்லவில்லை.

என்னைக் கேட்டால் பதில் ஒன்றுதான். மென்பொருள் வேலையில் கெட்ட செய்தி வந்தே தீரும். கிளையன்ட் கேட்டது ஒன்று, நாம் புரிந்துகொண்டது வேறு என்று தெரியவரும். நம்பியிருந்த ஒரு சேவை நாம் நினைத்தபடி நடக்காது. இரண்டு நாளில் முடியும் என்றது பத்து நாள் இழுக்கும். அது ரிலீஸுக்கு முந்தின இரவு தெரிந்தால் எல்லோரும் விடிய விடிய உட்கார வேண்டியதுதான். வேலை தொடங்கிய மூன்றாம் நாளே தெரிந்தால் பேசித் தீர்த்துவிடலாம். அஜைல் என்று உனக்குச் சொல்லித்தரும் ஒவ்வொன்றும் அந்தச் செய்தியைச் சீக்கிரம் வரவழைப்பதற்கான ஏற்பாடு. அதைச் செய்யாத கூட்டம் எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் வீண்.

கல்லூரியில் ‘வாட்டர்ஃபால்’ என்று ஒரு படம் வரைந்து மார்க் வாங்கியிருப்பாய். தேவை, ஆய்வு, வடிவமைப்பு, கோட், சோதனை, இயக்கம் என்று படிப்படியாக இறங்கி வரும் படம். 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்பவர் எழுதிய கட்டுரையில் இருப்பது அது. வேடிக்கை என்னவென்றால், படத்தைப் போட்ட கையோடு, இதை இப்படியே செய்வது ஆபத்து, தோல்வியைக் கூப்பிட்டு வருவது என்றும் அவரே எழுதினார். சோதனை கடைசியில்தான் வருகிறது. தாளில் சரியாக இருந்தது ஓடவில்லை என்று அப்போதுதான் முதல்முறையாகத் தெரிகிறது என்பது அவர் சொன்ன காரணம். புதுவகை மென்பொருள் என்றால் இரண்டு தடவை செய்யுங்கள் என்றும் யோசனை சொன்னார். படம் ஊரெல்லாம் பரவியது. எச்சரிக்கையை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடினார்கள். கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம், மார்ட்டின் ஃபௌலர், கென் ஷ்வேபர், ஜெஃப் சதர்லாண்ட் எல்லாம் அதில் உண்டு. பலரும் வெவ்வேறு முறைகளை ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தவர்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் லேசில் ஒப்புக்கொள்கிறவர்கள் இல்லை. அவர்கள் ஒத்துப்போன விஷயங்கள் ‘அஜைல் அறிக்கை’ என்ற ஒரு பக்கமாக வந்தன: நான்கு முன்னுரிமைகள், பின்னால் பன்னிரண்டு கோட்பாடுகள். ஸ்டாண்டப், ஸ்பிரின்ட், ஸ்டோரி பாயின்ட் என்ற பெயர் எதுவும் அதில் இல்லை. ஓடுகிற மென்பொருள்தான் முன்னேற்றத்தின் முதல் அளவுகோல் என்று இருக்கிறது. பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். இரண்டு நாள் வகுப்புக்குப் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்குவதற்கு முன் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழித்துவிடு. சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லவில்லை, சம்பள உயர்வுப் பேச்சில் அதற்கு ஒரு பயன் இருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். பேருந்து டிக்கெட் பதிவு செய்யும் ஒரு செயலி என்று வைத்துக்கொள். பயணி டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பப் போகவேண்டும். இதுதான் உன் குழுவிடம் வந்திருக்கும் ஸ்டோரி. பழக்கதோஷத்தில் எல்லோரும் எப்படிப் பிரிப்பார்கள்? முதல் ஸ்பிரின்ட்டில் டேட்டாபேஸ் டேபிள்கள், இரண்டாவதில் ஏபிஐ, மூன்றாவதில் திரை. ஆறு வாரம் கழித்துத்தான் ஒருவர் அந்த ரத்து பட்டனை அமுக்குவார். அதுவரை ஜிரா போர்டில் எல்லாம் பச்சையாக இருக்கும். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

அப்படிச் செய்யாதே. ஒரே ஒரு பயணி, கார்டில் கட்டிய பணம், முழுத்தொகையும் திரும்ப. பிடித்தம் இல்லை, கூப்பன் இல்லை, பட்டன்கூட அழகாக இருக்கவேண்டாம். ஆனால் அந்தச் சின்ன வேலை திரையிலிருந்து பேமென்ட் கேட்வே வரைக்கும் முழுசாகப் போய்த் திரும்பவேண்டும். இப்படிச் செய்தால் இரண்டாம் நாளே ஒன்று தெரியும்: கேட்வே உடனே சொல்வது ‘கோரிக்கையை ஏற்றுக்கொண்டேன்’ என்பது மட்டும்தான். பணம் போய்ச் சேர்ந்த தகவல் பிறகு தனியாக வரும், சில சமயம் நாட்கள் கழித்து. அப்படியென்றால் இடைப்பட்ட நேரத்தில் திரையில் என்ன காட்டுவது? பயணி கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள்? அந்தத் தகவல் வராமலே போனால் யார் கவனிப்பது? மூன்று கேள்வியும் முதல் வாரத்திலேயே மேஜைக்கு வந்துவிடும். அடுத்த துண்டில், நான்கு பேர் டிக்கெட்டில் ஒருவரை மட்டும் ரத்து செய்வது. மொத்த டிக்கெட்டுக்கும் சேர்த்து நூறு ரூபாய் கூப்பன் போட்டிருந்தால் அந்த ஒருவருக்கு எவ்வளவு திரும்பக் கொடுப்பது? தேவை ஆவணம் ஐம்பது பக்கம் இருந்தாலும் இது அதில் இருக்காது. ப்ராடக்ட் ஓனரைக் கேட்டால் அவரும் கொஞ்சம் முழிப்பார். முழிக்கட்டும், அதற்குத்தானே கேட்கிறோம்.

ஸ்டோரியை இப்படிக் குறுக்குவெட்டாகத் துண்டு போடக் கற்றுக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் பாதி. மற்ற சடங்குகளை ஒரு மாதத்தில் கற்றுவிடலாம், இதற்கு வருடங்கள் ஆகும்.

மதிப்பீட்டுக் கூட்டத்தில், ஒரு ஸ்டோரி எவ்வளவு பெரிய வேலை என்று சீட்டு காட்டச் சொல்வார்கள், 1, 2, 3, 5, 8, 13 என்று. எல்லோரும் ஒரே நேரத்தில் காட்டவேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. சீனியர் முதலில் 3 என்று சொல்லிவிட்டால் உன் கையில் இருக்கும் 13 தானாக 3 ஆகிவிடும். அந்த நால்வர் டிக்கெட்டுக்கு சீனியர் 3 காட்டுகிறார், டெஸ்டர் 13 காட்டுகிறார் என்று வை. டெஸ்டருக்குக் கூப்பன் விவகாரம் ஞாபகம் இருக்கிறது, சீனியருக்கு இல்லை. ஏன் இந்த வித்தியாசம் என்று பேசும் ஐந்து நிமிடம்தான் கூட்டத்தின் லாபம். கடைசியில் 8 என்று எழுதுகிறீர்களா 13 என்று எழுதுகிறீர்களா என்பதில் ஒன்றும் இல்லை. ஸ்டோரி பாயின்ட் என்கிற அந்த எண்களைக் கூட்டி, இந்தக் குழு நாற்பது பாயின்ட், அந்தக் குழு முப்பது என்று ஒப்பிடத் தொடங்கினால் எல்லோரும் பெரிய சீட்டையே காட்டுவார்கள், அவ்வளவுதான். ஸ்னோபேர்டுக்குப் போன பதினேழு பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரிஸ், ஸ்டோரி பாயின்ட்டைக் கண்டுபிடித்தது நானாக இருக்கலாம், அப்படியென்றால் இப்போது வருந்துகிறேன் என்று பிற்பாடு எழுதினார்.

ஸ்டாண்டப்பில் உன் வயதுப் பிள்ளைகள் பேசுவதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். “நேத்து ரீஃபண்ட் டிக்கெட் பார்த்தேன், இன்னைக்கும் அதையே கன்டினியூ பண்றேன், பிளாக்கர் எதுவும் இல்லை.” திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் இதே வாக்கியம். வியாழக்கிழமை, “ஆல்மோஸ்ட் முடிஞ்சிருச்சு, நைன்ட்டி பர்சென்ட்.” அடுத்த திங்கட்கிழமையும் அதே தொண்ணூறு. பேசும்போது கண் மேனேஜர் மேல் இருக்கும், அவர் தலையாட்டியதும் அடுத்தவர் முறை. இது வருகைப் பதிவேடு.

இப்படிப் பேசிப் பார்: “டெஸ்ட் சர்வரிலிருந்து ரீஃபண்ட் கோரிக்கை அனுப்பினால் டைம்-அவுட் ஆகுது. நேத்து மதியத்திலிருந்து அதுலயே நிக்கிறேன். லாக் பார்த்தேன், கோரிக்கை நம்ம பக்கத்திலிருந்து கிளம்புது, பதில்தான் வரல. கேட்வே அக்கவுன்ட் செட்டிங் யாருக்காவது தெரியுமா?” மூலையில் நிற்பவர் சொல்வார், “புது சர்வராச்சே, அதோட ஐபியை அவங்க அனுமதிப் பட்டியலில் சேர்த்தாச்சா?” ஒரு மெயில் அனுப்பினால் தீரும் வேலை. மூன்று நாள் தனியாக மல்லுக்கட்டியிருந்தாலும் அது உனக்குத் தோன்றியிருக்காது, ஏனென்றால் அது உன் கோடில் இல்லை.

நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற மூன்று கேள்விகளை ஷ்வேபரும் சதர்லாண்டும் ஸ்க்ரம் என்ற தங்கள் அஜைல் முறைக்கான கையேட்டின் 2020 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். ஸ்டாண்டப்புக்கான பதினைந்து நிமிட வரம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் அன்றைய நாளைத் திட்டமிடுவதற்கான நேரம் அது. மேனேஜருக்கு நிலவரம் வேண்டுமென்றால் போர்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

தொண்ணூறு சதவீதம் என்றேன் அல்லவா. குழுவில் முடிந்த வேலை, முடியாத வேலை என்று இரண்டு வகைதான் இருக்கவேண்டும். கோட் எழுதி, இன்னொருவர் படித்து, தானியங்கிச் சோதனைகள் ஓடி, மெயின் பிராஞ்சில் சேர்ந்து, டெஸ்டர் பார்த்து முடித்தால் முடிந்தது. ‘என் மெஷினில் ஓடுது’ என்பது முடிந்ததாகாது. சோதனைகளை எழுத நேரமில்லை, அடுத்த ஸ்பிரின்ட்டில் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் மரியாதையாக மறுத்துவிடு. கெட்ட செய்தியை மனிதர்கள் தயங்கித் தயங்கித்தான் சொல்வார்கள், இயந்திரம் தயங்காது. ஒவ்வொரு மெர்ஜுக்கும் சோதனை ஓடாத குழுவுக்கு ஸ்பிரின்ட் வெறும் காலண்டர். கென்ட் பெக் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற தன் முறையில் சோதனையையும் அடிக்கடி ஒன்றுசேர்ப்பதையும் அத்தனை அழுத்தமாக வைத்தார். நம் அலுவலகங்கள் கூட்டங்களை எடுத்துக்கொண்டு அவற்றை விட்டுவிட்டன.

கையில் ஒரே நேரத்தில் ஐந்து ஜிரா டிக்கெட் வைத்துக்கொள்ளாதே. ஏன் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2004 வாக்கில் மைக்ரோசாஃப்ட்டின் உள்வேலைக்கான மென்பொருள்களைப் பராமரித்த ஒரு குழு. மேலாளர் அமெரிக்காவில், எழுதுகிறவர்களும் சோதிக்கிறவர்களும் ஹைதராபாத்தில். ஒரு கோரிக்கை முடிய சுமார் ஐந்து மாதம் ஆனது. அந்த மேலாளர் டிராகோஸ் டுமிட்ரியுவும் டேவிட் ஆண்டர்சன் என்பவரும் உட்கார்ந்து பார்த்தபோது, புதிதாக வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் மதிப்பீடு எழுதுவதிலேயே குழுவின் நேரம் கரைவது தெரிந்தது. மதிப்பிட்டவற்றில் பலவும் செய்யப்படவே இல்லை. மதிப்பீட்டை நிறுத்தினார்கள். ஒரே சமயத்தில் எத்தனை வேலை உள்ளே இருக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். ஐந்து மாதம் இரண்டு வாரம் அளவுக்கு இறங்கியது. ஹைதராபாத்தில் இருந்தவர்கள் முன்பும் சோம்பேறிகள் இல்லை, வரிசைதான் நீளமாக இருந்தது. ஆகவே உன் டிக்கெட் ரிவ்யூவுக்குக் காத்திருக்கும்போது புதிதாக ஒன்றை இழுக்காதே. அங்கே காத்து நிற்கும் மற்றவர் வேலையை ரிவ்யூ செய்து அனுப்பு.

ஸ்பிரின்ட் முடிவில் நடக்கும் ரெட்ரோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘எல்லாம் நல்லா போச்சு’ என்று ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டிவிட்டு வராதே. மாற்றவேண்டியது ஒன்றே ஒன்றைச் சொல், அது அடுத்த ஸ்பிரின்ட்டின் போர்டில் ஒரு டிக்கெட்டாக ஏறுகிறதா என்று பார்.

கஷ்டமானது இன்னொன்று. சாயங்காலம் ஏழரைக்கு கிளையன்ட் பக்கத்தோடு ஆன்சைட் கால். அந்தப் பக்கத்திலிருந்து, இதையும் இந்த வெள்ளிக்கிழமைக்குள் சேர்க்க முடியுமா என்று கேட்பார்கள். நம் பக்கம் ஒரு விநாடி மௌனம், பிறகு யாராவது “ஷ்யூர்” என்று சொல்லிவிடுவார்கள். பெரியவர்கள் கேட்டால் முடியாது என்று சொல்லக்கூடாது என வளர்ந்த பிள்ளைகள் நாம். உன் டீம் லீட் இருக்கும்போது அவரை மீறி நீ பேசவேண்டாம். ஆனால் அந்த ஷ்யூரில் உன் வேலை இருந்தால், கால் முடிந்த கையோடு, அன்றே, அவரிடம் போய்ச் சொல்: “இதைச் சேர்த்தால் நால்வர் டிக்கெட் இந்த ஸ்பிரின்ட்டில் போகாது. எது வேணும்னு அவங்களையே கேட்டுடலாமா?” மறுநாள் காலைக்குள் அவர் ஒரு மெயில் அனுப்பினால் கிளையன்ட் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், பெரும்பாலும் கோபப்படாமலே. லீட் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இரண்டு மூன்று தடவை நீ முன்கூட்டிச் சொன்னது சரியாக இருந்தால், நால்வர் டிக்கெட் மாதிரி ஒன்று வரும்போது அவரே உன்னைக் கூப்பிட்டு, ‘இதுல என்ன மாட்டும்?’ என்று கேட்பார்.

அந்த ரீஃபண்ட் மாதிரி ஏதாவது உன் பெயரில் நான்கு நாளுக்கு மேல் நின்றுகொண்டிருந்தால், நாளைக் காலை ஸ்டாண்டப்பில் எங்கே நிற்கிறது, என்ன பார்த்தாய், யாரிடமிருந்து என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா