மூன்று பள்ளத்தாக்குகள்

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே பிறைபோல் வளைந்து கிடப்பது ஆல்ப்ஸ் மலைத்தொடர். அதன் நீளம் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். அதன் மேற்குப் பகுதியில், பிரான்சு நாட்டின் சவ்வா மாவட்டத்தில், மூத்தியே என்னும் சிற்றூர் உள்ளது. இசேர் ஆற்றின் கரையில் அமைந்த அவ்வூர், அடுத்தடுத்து அமைந்த மூன்று மலைப் பள்ளத்தாக்குகளுக்கு வாயிலாக விளங்குகின்றது. முதற் பள்ளத்தாக்கில் கூர்ஷெவெல்லும், இரண்டாவதில் மெரிபெல்லும், மூன்றாவதில் லே மெனுயீரும் வால் தொரான்சும் உள்ளன. இவை அனைத்தும் சேர்ந்து ‘மூன்று பள்ளத்தாக்குகள்’ என்னும் ஒரே பெயரால் வழங்குகின்றன. இங்குள்ள பனிச்சறுக்குத் தடங்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். ஒன்றோடொன்று இணைந்த சறுக்குத் தடங்கள் இத்துணை மிகுதியாக உள்ள இடங்கள் உலகில் மிகச் சிலவே.

ஈண்டுப் பனி என்றது, புல்நுனியில் முத்தெனத் தங்கும் பனித்துளியை அன்று. குளிரால் உறைந்து, பஞ்சுபோல் வானினின்று உதிர்ந்து, மலையையும் மரத்தையும் மூடும் வெண்பனியையே குறித்தது. அப்பனியின்மேல் ‘ஸ்கீ’ எனப்படும் நீண்ட சறுக்குக் கட்டைகளைக் காலிற் பூட்டிக்கொண்டு, கைக்கொரு கோலூன்றி, சரிவில் வழுக்கிச் செல்லுதலே பனிச்சறுக்கு.

முற்காலத்தில் இப்பள்ளத்தாக்குகளில் வாழ்ந்தோர் ஏழை உழவர்கள். கோடையில் பசுக்களை மலையுச்சிப் புல்வெளிக்கு ஓட்டிச்சென்று மேய்ப்பர். பாலைக் காய்ச்சிப் பெரிய பாலாடைக் கட்டிகள் செய்வர். மாரியில் பனி வழியை அடைத்துவிடும். உழவும் மேய்ச்சலும் நின்றுபோகும். ஆடவர் பலர் கூலி வேலை தேடித் தொலைவிலுள்ள நகரங்களுக்குச் செல்வர். வாழ்வை முடக்கிய அப்பனியே பின்னாளில் அவர்களுக்கு வாழ்வளித்தது.

1938ஆம் ஆண்டில் ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக் கொண்டது. ஆஸ்திரிய மலைகளுக்குச் சென்று பழகிய ஆங்கிலேயர் சிலர் வேறிடம் நாடினர். அவர்களுள் ஒருவராகிய பீட்டர் லிண்ட்சே என்பவரே மெரிபெல்லைத் தோற்றுவித்தார். வீடுகள் மரத்தாலும் அவ்விடத்துக் கல்லாலும் கட்டப்படல் வேண்டும், கூரை சரிந்திருத்தல் வேண்டும் என்று அவர் வகுத்த நெறி இன்றும் அவ்வூருக்கு அழகு தருகின்றது. கூர்ஷெவெல்லின் வரலாறு இன்னும் வியப்பானது. லொரான் ஷாப்பி என்னும் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இரண்டாம் உலகப்போரில் சிறைப்பட்டு ஆஸ்திரியாவில் இருந்தார். சிறை முகாமில் இருந்தவாறே இப்பள்ளத்தாக்குகளில் மலை நகரங்கள் அமைக்கும் முறையை ஆராய்ந்தார். போர் முடிந்தபின், 1946ஆம் ஆண்டில், சவ்வா மாவட்ட மன்றத்தின் முயற்சியால் கூர்ஷெவெல் உருவாகத் தொடங்கியது. 1964ஆம் ஆண்டில் லே மெனுயீரும், 1970களின் தொடக்கத்தில் வால் தொரான்சும் தோன்றின.

மாணவர்களே! இனி, ஒருநாட் பொழுதில் இம்மூன்று பள்ளத்தாக்குகளையும் கண்டு மீள்வோம். நம் பயணம் கூர்ஷெவெல்லில் தொடங்கட்டும்.

காலை ஒளி மலைமுகட்டில் பொன் பூசுகின்றது. ஊசியிலை மரங்கள் பனிச்சுமையால் கிளை தாழ்ந்து நிற்கின்றன. மலையேற நாம் கால்களை வருத்த வேண்டுவதில்லை. தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டிய எஃகு வடங்களில் நாற்காலிகளும் சிற்றறைகளும் இடையறாது ஏறிச் செல்கின்றன. அமர்ந்த சில நிமிடங்களில் அவை நம்மை மேலே சேர்க்கின்றன. ஒரே பயணச்சீட்டு மூன்று பள்ளத்தாக்குகளுக்கும் செல்லும்.

தடங்கள் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. அவற்றின் கடுமையை வண்ணத்தால் உணர்த்துகின்றனர். பச்சைத் தடம் புதிதாகக் கற்பவருக்குரியது. நீலம் எளியது. சிவப்புப் பயிற்சி மிக்கவருக்குரியது. கறுப்புத் தடமோ செங்குத்தானது. தேர்ந்தவரன்றிப் பிறர் அதன்பாற் செல்லலாகாது. தன் வலிமையை அறிந்து வழியைத் தேர்தலே இவ்விளையாட்டின் முதற் பாடம்.

கம்பிவட ஊர்தி நம்மைச் சோலீர் முகட்டிற் சேர்க்கின்றது. அதன் உயரம் 2,700 மீட்டருக்கு மேல். கிழக்கே நாம் விட்டுவந்த கூர்ஷெவெல், மேற்கே மெரிபெல். ஒரு முகட்டின் இருபுறமும் இரு வேறு உலகங்கள்! மெரிபெல்லை நோக்கிச் சரிவில் இறங்குகின்றோம். காற்று செவியில் இரைகின்றது. 1992ஆம் ஆண்டு ஆல்பெர்வீல் நகரை மையமாகக் கொண்டு மாரிக்கால ஒலிம்பிக் விழா நடந்தபோது, பெண்களின் மலைச்சறுக்குப் போட்டிகள் மெரிபெல்லிலேயே நிகழ்ந்தன.

அங்கிருந்து மீண்டும் வடமேறி, அடுத்த முகட்டைக் கடந்தால் பெல்வீல் பள்ளத்தாக்கு. அதன் உச்சியில், 2,300 மீட்டர் உயரத்தில், வால் தொரான்ஸ் உள்ளது. மரங்கள் வளரும் எல்லைக்கு அப்பாற்பட்ட இடம் அது. எங்கு நோக்கினும் வெண்மையும் நீலவானுமே. அதற்கும் மேலே, ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில், காரோன் சிகரம் நிற்கின்றது. வானம் தெளிந்திருப்பின், ஆல்ப்சின் தலைமைச் சிகரமாகிய மோன் பிளாங்கு அங்கிருந்து தோன்றும். அக்காட்சியில் மயங்கி நேரத்தை மறத்தல் எளிது. ஆயின் மறந்தோர் துன்புறுவர்.

ஏனெனில், கூர்ஷெவெல்லுக்குத் திரும்ப நாம் இரண்டு முகடுகளைக் கடத்தல் வேண்டும். வடங்கள் மாலை நான்கு மணிக்குப்பின் ஒவ்வொன்றாக நின்றுவிடும். கடைசி வடத்தைத் தவறவிட்டவர், பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, மூத்தியே வழியாகச் சுற்றி, சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் செல்ல நேரிடும். நின்ற வடத்திற்காகக் காத்திருப்பதோ, ஆளில்லாத் தடத்தில் இருளிற் செல்வதோ பேதைமை. இரவில் பனியைச் சமன்செய்யும் பொறிகள் தடங்களில் இயங்கும். செங்குத்தான சரிவில் அப்பொறிகளைத் தாங்கத் தடத்தில் நீண்ட எஃகுக் கயிறுகள் கட்டப்பட்டிருக்கும். இருளில் அவை கண்ணுக்குப் புலப்படா. மோதியவர் உயிர் பிழைத்தல் அரிது. ஆதலின் உச்சியில் நிற்கும்போதே திரும்பும் நேரத்தை எண்ணுதல் அறிவுடைமையாகும்.

இதனினும் கொடியது பனிச்சரிவு. புதுப்பனி மிகுதியாகப் பெய்து, காற்றால் குவிந்து, அடியிலுள்ள பழம்பனியோடு ஒட்டாது நிற்கும். ஒருவர் அதன்மேற் கால்வைத்த அளவிலேயே பாளம் பிளந்து, பேரிரைச்சலோடு கீழ்நோக்கிப் பாயும். அவ்விடரை ஒன்றுமுதல் ஐந்துவரை எண்ணிட்டு நாள்தோறும் அறிவிக்கின்றனர். தடங்காவலர் விடியற்காலையிலேயே ஏறி, வெடி வைத்து, ஐயத்திற்குரிய பனியை மக்கள் வருமுன்னரே சரியச் செய்கின்றனர். பனியிற் புதையுண்டோரைக் கால்மணி நேரத்திற்குள் மீட்டால் பெரும்பாலோர் பிழைப்பர். அதன்பின் நம்பிக்கை விரைந்து குறையும். ஆதலால் தடங்களுக்கு அப்பாற் செல்வோர் குறியறி கருவி, துழாவுகோல், மண்வாரி மூன்றையும் உடன்கொண்டு செல்வர். தனியே செல்லார். அருகிலுள்ள தோழனே முதல் மீட்பாளன்.

சறுக்குவோர்க்குரிய விதிகளுள் தலையாயது ஒன்று உண்டு. மேலிருந்து வருபவர், தமக்குக் கீழே முன் செல்பவருக்கு இடர் நேராதவாறு வழி தேர்தல் வேண்டும் என்பதே அது. முன் செல்பவர் பின்னே காணார். எனவே விரைவும் வலிமையும் உடையவரிடமே பொறுப்பும் வைக்கப்பட்டது.

இப்பள்ளத்தாக்குகளை அடுத்து வனுவாஸ் தேசியப் பூங்கா உள்ளது. 1963ஆம் ஆண்டில் அமைந்த அதுவே பிரான்சின் முதல் தேசியப் பூங்கா. வளைந்த பெருங்கொம்புகளையுடைய காட்டாடுகள் அங்குக் காக்கப்படுகின்றன. 1969ஆம் ஆண்டில், அப்பூங்காவின் எல்லைக்குள்ளும் புகுந்து, ஷாவியேர் பனியாற்றுப் பகுதியில் சறுக்கு நகர் அமைக்க ஒரு திட்டம் எழுந்தது. ‘வருவாய் பெருகும், வேலை கிடைக்கும்’ என்றனர் ஒருசாரார். ‘காப்பதாக வாக்களித்த நிலத்தை விற்றல் ஆகுமோ?’ என்றனர் மற்றொரு சாரார். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. 1971ஆம் ஆண்டில் அத்திட்டம் கைவிடப்பட்டது. இரு சாராரின் கூற்றிலும் உண்மை இருந்தது; ஆயினும் கொடுத்த வாக்கே வென்றது.

இன்று வேறோர் இடர் தோன்றியுள்ளது. உலகம் வெம்மையுறுவதால் ஆல்ப்சின் பனியாறுகள் ஆண்டுதோறும் சுருங்குகின்றன. முன்னர் வால் தொரான்சின் பெக்லே பனியாற்றில் கோடையிலும் சறுக்கினர். இன்று அவ்வழக்கம் இல்லை. பனி குறையுமிடங்களில் நீரையும் அழுத்தக் காற்றையும் கலந்து தெளித்துச் செயற்கைப் பனி உண்டாக்குகின்றனர். அதற்கு நீரும் வேண்டும், மின்னாற்றலும் வேண்டும், அனைத்திற்கும் மேலாகக் குளிரும் வேண்டும். குளிரை விலைகொடுத்து வாங்க இயலாது. உயரமான வால் தொரான்சில் இன்னும் பனி நீண்ட நாள் நிற்கின்றது. தாழ்ந்த ஊர்களில் வாழ்வோர் ஒவ்வோர் ஆண்டும் வானை நோக்கிக் கவலையோடு காத்திருக்கின்றனர்.

மாலை மயங்குகின்றது. கடைசி வடம் நம்மைச் சோலீர் முகட்டில் இறக்கிவிட்டது. கீழே கூர்ஷெவெல்லின் விளக்குகள் மின்னுகின்றன. இன்னும் சில திங்களில் இப்பனி உருகி ஓடையாகும். நாம் சறுக்கிய சரிவுகள் பசும்புல் போர்த்து நிற்கும். பசுக்களின் கழுத்துமணி அங்கு ஒலிக்கும். மலை அன்றும் இன்றும் தன்னை நாடி வந்தவரை வாழ்விக்கின்றது. அதன் அளவறிந்து பெறுவதும், அதனைக் காத்துப் பின்வருவோர்க்கு அளிப்பதும் மனிதரின் கடனாகும்.