களவெட்டியிலிருந்து களஞ்சியசாலைக்கு

படுவான்கரையில் ஆறு ஏக்கர் வயல் செய்து வாழ்ந்த குடும்பம் அது. 2007 மார்ச் மாதம் ஷெல் வீச்சுக்குப் பயந்து, உடுத்த உடையோடு வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தார்கள். மீண்டும் ஊருக்குப் போனபோது உழவு இயந்திரமும் இல்லை, மாடும் இல்லை. வாய்க்கால் தூர்ந்து கிடந்தது. சில வருடங்களின் பின் மூத்த மகன் என்னிடம் வந்தான். "சுவாமி, மெசின் கொம்பனி ஒண்டில ஸ்டோர் வேலை கிடைச்சிருக்கு. அப்பா வேண்டாம் எண்டுறார். வெள்ளாமைக்காரன்ட மகன் ஊரான்ட பெட்டியைச் சுமக்கப் போறதா எண்டு கேக்கிறார்" என்றான்.

அன்று நான் தகப்பனிடம் போய், "எந்த வேலையும் இழிவில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். அது உண்மைதான். ஆனால் போதிய பதில் அல்ல. அந்த வேலை என்ன, அதில் எது ஆபத்து, எது உரிமை என்று எனக்கே அப்போது தெரியாது. மகன் அங்கே பட்டுத் தெரிந்ததையும், நான் பின்னர் விசாரித்து அறிந்ததையும் சேர்த்து இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

இயந்திரக் கம்பனிகள் நம் பகுதியில் ஏன் வளர்ந்தன என்பதிலிருந்து தொடங்குவோம். இடப்பெயர்வுகளால் வயல்கள் பல போகங்கள் பயிரின்றிக் கிடந்தன. மக்கள் திரும்பியபோது இளைஞர் பலர் நகரத்துக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட்டார்கள். வெட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. அந்த இடத்துக்கு அறுவடை இயந்திரம் வந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் இயந்திரமும் லொறியும் வாவியைக் கடப்பது இலகுவாயிற்று. அரிவாள் பிடித்த பெண்கள் பலருக்கு மாசி, பங்குனியில் கிடைத்த கூலி அத்தோடு போனது. இதை மறைத்துவிட்டு இயந்திரத்தைப் புகழ எனக்கு மனமில்லை.

1950களில் லாண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரத்தை உருவாக்கிய ரே விஜேவர்தன நம் நாட்டுப் பொறியியலாளர். வயலுக்கு அது நல்லதுதானா என்று பிற்காலத்தில் அவரே கேள்வி எழுப்பினார். எருமைக்கு உதிரிப்பாகம் வேண்டியதில்லை. லாண்ட்மாஸ்டருக்கு வேண்டும்.

அந்த உதிரிப்பாகத்தில்தான் களஞ்சியசாலையின் வேலை இருக்கிறது. மசி பெர்கசன் 35, 135 ஆகிய உழவு இயந்திரங்கள் 1950களிலும் 60களிலும் வெளிவந்தவை. அவற்றில் இன்னும் ஓடுபவை உண்டு. சென்னையில் 1960இல் தொடங்கிய டஃபே நிறுவனம் மசி பெர்கசனோடு சேர்ந்து இயந்திரம் செய்து வளர்ந்து, 2005இல் ஐசர் உழவு இயந்திரப் பிரிவையும் வாங்கியது. இப்படி ஒரு நிறுவனம் வளர வளர அதன் மாதிரிகள் பெருகும். பழைய மாதிரிக்கும் பாகம் வைத்திருக்க வேண்டும், புதியதற்கும் வைத்திருக்க வேண்டும். 2020இல் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோதும், 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோதும், பழைய இயந்திரத்தைப் பழுதுபார்த்து ஓட்டுவதைத் தவிர விவசாயிக்கு வேறு வழி இருக்கவில்லை. அறுவடை நாளில் ஒரு பெல்ட் அறுந்து, அது ஸ்டோரில் இல்லை என்றால், வெட்டாத நெல் மழையில் நிற்கும். பெட்டி சுமக்கும் வேலை என்று அந்தத் தகப்பன் சொன்னது இதைத்தான்.

இனி வேலைக்கு வருவோம். ஸ்டோரில் சேரும் பிள்ளை முதலில் கற்க வேண்டியது இலக்கம் வாசிப்பது. ஆங்கிலம் தெரியாது என்று பயப்பட வேண்டாம். பெயரிங் ஒன்றில் 6205 என்று வெட்டியிருக்கும். கடைசி இரண்டு இலக்கமான 05ஐ 5ஆல் பெருக்குங்கள். வரும் 25தான் அதன் உள்விட்டம், மில்லிமீற்றரில். 6206 என்றால் 30. இந்தக் கணக்கு 04இலிருந்து மேலே சரிவரும், அதற்குக் கீழே வேறு அளவு. பின்னால் இசட்இசட் என்றிருந்தால் இருபக்கமும் தகர மூடி. 2ஆர்எஸ் என்றிருந்தால் இருபக்கமும் இறப்பர் அடைப்பு. பெல்ட்டில் பி 60 என்று இருந்தால், பி என்பது ஏறக்குறைய 17 மில்லிமீற்றர் மேலகலம் உள்ள வகை, 60 என்பது அங்குலத்தில் நீளம். பெட்டியில் ஒட்டிய பெயரை மட்டும் நம்பிக் கொடுத்தால், பத்து மைல் தூரத்திலிருந்து வந்த விவசாயி பொருந்தாத பாகத்தோடு திரும்பிப் போவான். பழைய பாகத்தைக் கையில் வாங்கி, இலக்கத்தைப் பார்த்து, பிறகு எடுங்கள்.

வைக்கும் முறையிலும் வயல் அறிவு உதவும். விதைநெல்லை ஈரத்தரையில் வைப்போமா? பெயரிங்கையும் தரையில் வைக்கக் கூடாது. தேவைப்படும் வரை உறையைப் பிரிக்கவும் கூடாது. பெல்ட், ஒயில் சீல் போன்ற இறப்பர் பொருட்கள் வெயில் படும் யன்னலோரத்தில் இருந்தால் காய்ந்து வெடிக்கும். முதலில் வந்தது முதலில் வெளியே போக வேண்டும். புதிய பெட்டியை முன்னால் அடுக்குவது இலகு, ஆனால் பின்னால் இருக்கும் பழைய சீல் அங்கேயே இறுகிப் போகும். பாரமான கியர்ப் பெட்டியைக் கீழ்த் தட்டிலும் இலேசானதை மேலேயும் வையுங்கள். தனியாகத் தூக்க முடியாததைத் துணையில்லாமல் தூக்காதீர்கள். முதுகு போனால் அதற்கு உதிரிப்பாகம் எந்தக் கம்பனியிலும் இல்லை.

மேலே சொன்ன மகன் இவற்றை விரைவாகவே கற்றுக்கொண்டான். தவறு வேறிடத்தில் வந்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் மாதம், பின்னேரம், நல்ல மழை. கொழும்பிலிருந்து லொறி வந்தது. சாரதிக்கு அவசரம், பொறுப்பாளர் வீட்டுக்குப் போய்விட்டார். மகன் பட்டியலில் ஒப்பமிட்டு, பெட்டிகளை இறக்கிவிட்டான். மறுநாள் எண்ணியபோது ஐந்து பெட்டி குறைவு. "எண்ணாமல் வச்சிட்டன் சுவாமி" என்று வந்து நின்றான். அவனுடைய சம்பளத்தில் மாதம் மாதம் கழித்தார்கள். எதற்கு, எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்று ஒரு துண்டுத் தாளும் கொடுக்கவில்லை. பெட்டி கொழும்பிலேயே ஏறவில்லையா, வழியில் போனதா, யாருக்கும் தெரியாது. ஒப்பம் அவனுடையது, ஆகவே பொறுப்பும் அவனுடையதாயிற்று.

தகப்பனுக்கு இதைக் கேட்டதும் கோபம் வந்தது. கம்பனி மேல் அல்ல, மகன் மேல். "களவெட்டியில பொலி அளக்கிறவன் எண்ணாமல் சாக்கைக் கட்டுவானா?" என்றார். நான் சொல்லத் தவறிய பதில் அதற்குள் இருந்தது. நம் பெரியவர்கள் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்கி எண்ணுவார்கள். இடையில் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். போடியாரின் நெல்லுக்கு முல்லைக்காரன் பொறுப்பு. கணக்குப் பிழைத்தால் அவன் மானம் போய்விடும். ஸ்டோர் வேலை அந்த முல்லைக்காரன் வேலைதான். வித்தியாசம் ஒன்று உண்டு: அங்கே வாக்கு நின்றது, இங்கே தாள்தான் நிற்கும்.

ஆகவே எண்ணி முடியாமல் ஒப்பமிட வேண்டாம். சாரதி அவசரப்பட்டால், "எண்ணவில்லை, பெட்டி மூடியபடி பெறப்பட்டது" என்று அந்தச் சீட்டிலேயே எழுதி ஒப்பமிடுங்கள். குறைவோ உடைவோ கண்டால் சாரதியின் முன்னால் எழுதி அவருடைய ஒப்பத்தையும் வாங்குங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தட்டில் தொங்கும் இருப்பு அட்டையில், வந்ததையும் போனதையும் அந்த வேளையிலேயே பதியுங்கள். பின்னேரம் சேர்த்து எழுதலாம் என்று விட்ட கணக்கு பெரும்பாலும் பிழைக்கும். கணினியில் பதிகிற இடத்திலும் இதே கதைதான். எண்ணுவது மனிதன், கணினி அல்ல.

கம்பனியின் பொருளுக்கு எழுதும் கணக்கைப் போல உங்கள் உழைப்புக்கும் ஒரு கொப்பி வையுங்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை மணிக்கு வந்தீர்கள், என்ன கழித்தார்கள் என்று நாளுக்கு நாள் எழுதுங்கள். வியாபார நிறுவனத்தின் ஸ்டோர் பெரும்பாலும் 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்துக்குள் வரும். சாதாரண வேலை நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. நியமனக் கடிதம் கேட்பது மரியாதைக்குறைவு அல்ல, சட்டம் தருவது.

1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். 1980ஆம் ஆண்டின் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும், அதை உங்களிடம் கழிக்க முடியாது. சம்பளம் 40,000 ரூபா என்றால் உங்களிடம் கழிப்பது 3,200. முதலாளி சேர்ப்பது 4,800, அதற்கு மேல் 1,200. "நீ தற்காலிகம், உனக்கு இல்லை" என்று சொன்னால் நம்ப வேண்டாம். நாட்கூலிக்கும் இது முதல் நாளிலிருந்தே உண்டு. சம்பளத் துண்டில் கழித்திருக்கிறது என்பதற்காகக் கட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அடையாள அட்டையோடு தொழில் அலுவலகத்துக்குப் போய் விசாரியுங்கள். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் நிறைந்தால், விலகும்போது ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. இது 1983ஆம் ஆண்டுச் சட்டம். வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. காயப்பட்ட அன்றே அது வேலையில் நடந்தது என்று பதிவில் எழுதச் சொல்லுங்கள், வைத்தியசாலைத் துண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

வயலை மறந்துவிட வேண்டாம். மாதச் சம்பளம் வந்ததும் அனுமதிப்பத்திரக் காணியைக் கவனிக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். இடப்பெயர்வில் பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். பின்னுரித்தாளரின் பெயர் பதியப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டோரில் வேலை செய்யும் மகனுக்கும் அந்தப் பெயர் ஒரு நாள் தேவைப்படும்.

அந்த மகன் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறான். லொறி வந்தால் யாரோடும் பேசமாட்டானாம். தகப்பன் இப்போது பெருமையாகச் சொல்வது இதைத்தான்.

பயிற்சி: பி 60 பெல்ட்டின் இருப்பு அட்டையில் மாதத் தொடக்கத்தில் 14. இடையில் 20 வந்தது. 9 ஒரு தடவையும் 6 இன்னொரு தடவையும் போனது. மாத முடிவில் தட்டில் எண்ணினால் 17. எத்தனை குறைகிறது? அட்டையை 17 என்று திருத்திவிடலாம் என்று பொறுப்பாளர் சொல்கிறார். நீங்கள் என்ன எழுதுவீர்கள், யாருடைய ஒப்பத்தைக் கேட்பீர்கள்? பதிலை அடுத்த கூட்டத்துக்கு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.