பௌத்த வரலாற்றுத் தலங்களுக்கான களப்பயணத்தைத் திட்டமிடல்

"களப்பயணமொன்றைத் திட்டமிடும்போது கவனிக்க வேண்டியவை யாவை?" என்ற வினாவுக்கு மாணவர் பலர் உணவு, குடிநீர், பேருந்து என எழுதி நிறுத்திவிடுகின்றனர். இவை எந்தப் பயணத்துக்கும் பொருந்துவன. எந்தத் தலத்தை, எந்த ஒழுங்கில், எதற்காகப் பார்க்கிறோம் என எழுதும்போதே அது வரலாற்று விடையாகும். அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம்.

முதலில் காலத்தைத் தெரிவுசெய்க. யூன் மாதப் பொசன் பௌர்ணமியையொட்டி அநுராதபுரத்திலும் மிகிந்தலையிலும் யாத்திரிகர் பெருந்திரளாகக் கூடுவர். வழிபாட்டை நேரிற் காண்பதற்கு அது உகந்த காலம்; செதுக்கல்களை ஆறுதலாக நோக்குவதற்கு உகந்ததன்று. பாதணிகளைக் களைந்தே முற்றங்களுள் நுழைய வேண்டுமாதலால் நண்பகலில் கல்தளம் காலைச் சுடும். எனவே தாதுகோபங்களைக் காலையிலும் நூதனசாலையை நண்பகலிலும் பார்ப்பது நன்று.

இவை இன்றும் வழிபாடு நடைபெறும் இடங்கள் என்பதை மறத்தலாகாது. வெள்ளை ஆடை கட்டாயமன்று. தோளும் முழங்காலும் மூடியிருத்தல் வேண்டும். தொப்பியையும் கழற்றுக. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது அவமதிப்பாகக் கொள்ளப்படும்.

அநுராதபுரத்தில் கால ஒழுங்கிற் செல்வதே சிறந்தது. தேவநம்பியதீசன் கட்டிய தூபாராமம் (கி.மு. 3ஆம் நூற்றாண்டு), துட்டகைமுனுவின் ருவன்வெலிசாய (கி.மு. 2ஆம் நூற்றாண்டு), வலகம்பாவின் அபயகிரி (கி.மு. 1ஆம் நூற்றாண்டு), மகாசேனனின் ஜேதவனம் (கி.பி. 3ஆம் நூற்றாண்டு) என்பதே அவ்வொழுங்காகும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. அபயகிரி வடக்கே தள்ளி அமைந்துள்ளது. ஜேதவனமோ ருவன்வெலிசாயவுக்கு அண்மையில் உள்ளது. ஆகவே வடக்கே சென்று மீண்டும் திரும்ப வேண்டும். ஆயினும் அந்த அலைச்சல் வீணன்று. ஜேதவனம் ஏன் இவ்வளவு அண்மையில் உள்ளது? மகாவிகாரையுடன் முரண்பட்ட மகாசேனன் அவ்விகாரைக்குரிய நிலத்திலேயே அதனைக் கட்டுவித்தான். வரைபடத்திற் காணும் தூரமே அந்தப் பிணக்குக்குச் சான்றாகிறது. ஆதியில் ஏறத்தாழ 122 மீற்றர் உயர்ந்து நின்ற ஜேதவனம் இன்று ஏறத்தாழ 71 மீற்றர் உயரமுடையது.

தூபாராமத்தில் ஒன்றைக் கவனிக்க: இன்று காணும் மணி வடிவம் 1862ஆம் ஆண்டுத் திருத்தவேலையால் ஏற்பட்டது. அதனைத் தேவநம்பியதீசன் காலத்து வடிவம் என எழுதுவது பிழையாகும்.

அபயகிரிப் பகுதியில் மகாசேனன் மாளிகை என வழங்கும் கட்டடத்தின் சந்திரவட்டக்கல்லைக் குறிப்பேட்டில் வரைந்துகொள்க. யானை, குதிரை, சிங்கம், எருது ஆகிய நான்கும் ஒரே வரிசையில் உள்ளன. பின்னர் பொலன்னறுவை வட்டதாகேயின் சந்திரவட்டக்கல்லைப் பார்த்தால் எருதைக் காணமாட்டீர்கள். சோழராட்சியின் பின் இந்துசமயச் செல்வாக்கு மிகுந்ததால், சிவனின் வாகனமான எருதைக் கால் மிதிக்கும் இடத்தில் வைக்கவில்லை என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். இரு படங்களையும் அருகருகே வரைந்தவர்க்கு இது மனனம் செய்யாமலே நினைவில் நிற்கும்.

பொலன்னறுவையில் அட்டதாகேயின் அருகே நிற்கும் வேளைக்காரர் கல்வெட்டைத் தவறவிடலாகாது. பலர் அதனைக் கடந்து சென்றுவிடுகின்றனர். 12ஆம் நூற்றாண்டில் தமிழில் பொறிக்கப்பட்ட இக்கல்வெட்டில், வேளைக்காரப் படையினர் தந்ததாது வைக்கப்பட்ட ஆலயத்தைப் பாதுகாப்பதாக உறுதியளிக்கின்றனர். பௌத்த ஆலயத்துக்குத் தமிழ்ப் படையினர் காவல் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இறுதியாகக் கல்விகாரைக்குச் செல்க. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) காலத்தில் ஒரே பாறையிற் செதுக்கப்பட்ட நான்கு சிலைகள் இங்குள்ளன. சயனச் சிலை ஏறத்தாழ 14 மீற்றர் நீளமுடையது. நிற்கும் சிலையை ஆனந்த தேரர் எனச் சிலரும் புத்தர் எனச் சிலரும் கொள்வர். கைகள் மார்பின் குறுக்கே அமைந்திருப்பதைப் பார்த்து உங்கள் கருத்தையும் குறித்துக்கொள்க.

பயிற்சி
1. கால ஒழுங்கு, தூரம் ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிந்து, அநுராதபுரத்துக்கான ஒருநாட் பயணத் திட்டத்தைக் காரணங்களுடன் எழுதுக.
2. இரு இராசதானிகளின் சந்திரவட்டக்கற்களையும் ஒப்பிடுக.